தோணிக்காரி வீரம்மாவை எழுதிய லோகேஸ்வரி

சனிக்கிழமை காலை. ஈப்போவில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து, அடுத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போன நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் நெடுந்துறைக் குழுவில், லோகேஸ்வரியின் எண்ணிலிருந்து ஒரு வரி வந்திருந்தது.

“அக்கா இன்னிக்கு விடியகாலையில தவறிட்டாங்க.”

நெடுந்துறை என்று ஓர் ஊர் எங்கும் இல்லை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் புலனக் குழுவில் எழுதிவரும் ஒரு கதையின் ஊர் அது. ஆளுக்கொரு பாத்திரம். நான் என் பாத்திரம் செய்வதையும் பேசுவதையும் ஒரு பத்தியாக எழுதினால், அடுத்தவர் தன் பாத்திரத்தின் பதிலை எழுதுவார். கதை அப்படியே நகரும். கதைக்கு வெளியே ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த வரியில் அடைப்புக்குறி இல்லை.

அதனால், கதையில் யாரோ ஒரு தம்பி அழுகிறான் என்று எண்ணி ஒரு நிமிடத்தில் ஒருவர் பதில் எழுதிவிட்டார். எழுதியவர் நித்யா. காம்பாரில் படிக்கும் பெண், ஒன்பது நாள்களுக்கு முன் சேர்ந்தவர். அவருடைய பாத்திரம் ஒரு பூக்காரி. “பூக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு அவன் தோளைத் தொட்டாள். ‘அழாதே தம்பி. உன் அக்கா வீடு எந்தத் தெரு?’”

அதற்கும் பதில் வந்தது. “ஆயர் தாவார். தாமான் குடியிருப்புலதான் வீடு. நான் அவங்க தம்பி முரளி. நீங்க எல்லாம் யாருன்னு எனக்குத் தெரியல. போன்ல மேல இருந்தது இந்த குரூப்புதான், அதான் போட்டேன்.”

காத்திருந்தவரின் பெயரை நான் இரண்டு முறை தப்பாக வாசித்தேன். மதியம் நித்யா என்னை அழைத்தார். பேச முடியாமல் அழுதார். “அக்கா, லோகா அக்காதான் போன வாரம் சொன்னாங்க. முதல்ல என்னா எழுதுறதுன்னு தெரியலன்னா, யாராவது அழுவுற இடத்துல போய் நில்லுங்க, ஆறுதலா ரெண்டு வார்த்தை எழுதுங்க, அதுவே நல்ல ஆரம்பம்னு. அதான் எழுதிட்டேன்.” குழுவை விட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை கோப்பெங்கிற்குப் போய் ஹமீது பாயை ஏற்றிக்கொண்டு ஆயர் தாவாருக்குக் காரை ஓட்டினேன். பாய் கோப்பெங்கில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். நெடுந்துறையின் மணிக்கூண்டுக் காவலர். ஆறு வருடம் ஒரே கதையில் எழுதியிருக்கிறோம்; நேரில் பார்த்துக்கொண்டது அன்றுதான். வழி முழுக்க இரண்டு பக்கமும் செம்பனை. பாய் ஒரே ஒரு முறைதான் பேசினார். “வீட்டுல கேட்டா நம்மள யாருன்னு சொல்றது, சுமதி?”

முரளி அதைத்தான் முதலில் கேட்டார். கூடாரத்தின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகளில் லோகா வேலை பார்த்த செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். “நீங்களும் ஆலையா?” என்றார். கூட எழுதுகிறவர்கள் என்றேன். “அக்கா எழுதுவாங்களா?” என்று அவர் தன் மனைவியைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. நாற்காலியிலிருந்த ஒரு பெரியவர், “லோகாவா? இருவத்திரண்டு வருசமா லாரி எடை போடுற எடத்துல கணக்கு எழுதுற கிராணி. வாயே தொறக்காது அது” என்றார்.

முரளி அக்காவின் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தார். “இதுல எல்லாரும் வீரம்மா, வீரம்மான்னு எழுதியிருக்கீங்க. அது யாரு?”

நான் தரையைப் பார்த்தேன். பாய்தான் பதில் சொன்னார். “உங்க அக்காதான்லா.”

முரளிக்குப் புரியவில்லை. உள்ளே யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார். லோகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் ஒரு மணி நேரம் இருந்தோம். அங்கே யாரோடும் எங்களுக்குப் பேச எதுவும் இல்லை.

திரும்பி வந்த பிறகு குழுவில் ஒரு கோரிக்கை எழுந்தது. புதியவர்களை வரவேற்று வழிமுறை சொல்வது லோகாவின் வேலையாக இருந்தது. இனி அந்த வழிமுறைகளை யாராவது ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்; அவரோடு அதிகம் எழுதியவள் நான்தான், நானே எழுத வேண்டும் என்றார்கள். மூன்று நாள் முயன்றேன். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் அவர் இருந்தார். அவரை விட்டுவிட்டு விதியை மட்டும் எழுத எனக்கு வரவில்லை. ஆகவே, அவரை அறிந்தவர்களுக்காகவும், இனி வரப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படும் ஒன்றும் இதில் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

நான் சேர்ந்த அன்று மாறன் என்ற குதிரைவீரனை உருவாக்கினேன். ஆறடி உயரம், வாள், தழும்பு, எல்லாம் உண்டு. மாறன் ஆற்றங்கரைக்கு வந்தான், தோணியில் தாவி ஏறினான், தடுத்த தோணிக்காரியைத் தண்ணீரில் தள்ளினான், துடுப்பைப் பிடுங்கித் தானே அக்கரைக்குப் போனான். எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அந்தத் தோணிக்காரிதான் லோகாவின் வீரம்மா. ஐம்பத்தைந்து வயது, யாருக்கும் பயப்படாத வாய்.

சிறிது நேரத்தில் குரல் செய்தி வந்தது. மெல்லிய குரல், பின்னால் லாரி ஹாரன் கேட்டது. “வணக்கம்மா, நான் லோகா. நல்லா எழுதுறீங்க. ஒண்ணு மட்டும். உங்க ஆளு கைய நீங்க தூக்குங்க, ஓங்குங்க, அது உங்க இஷ்டம். ஆனா எங்க ஆளு தண்ணியில விழறாளா இல்லையான்னு நாங்கதான் சொல்லணும். ‘தள்ள வந்தான்’னு நிறுத்திடுங்க. மிச்சத்த எங்கிட்ட விட்டுடுங்களேன், பாப்போம்.”

கோபத்தோடுதான் திருத்தினேன். ‘மாறன் அவளைத் தள்ளக் கை ஓங்கினான்’ என்று நிறுத்தினேன். வீரம்மாவின் பதில் வந்தது: “தோணிக்காரி நகரவில்லை. ‘தள்ளு. ஆனால் துடுப்பு போட உனக்குத் தெரியுமா என்று முதலில் சொல்’ என்றாள்.” மாறனுக்குத் துடுப்பு போடத் தெரியாது. அதை நான் யோசித்திருக்கவே இல்லை. கிளினிக்கில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து ஐந்து வருடம் மாறனும் வீரம்மாவும் சண்டை போட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் என் கணவர் வீட்டை விட்டுப் போனார், என் அம்மா இறந்தார். இரண்டுக்கும் நடுவில் நான் தவறாமல் செய்த ஒரே காரியம், வீரம்மாவுக்குப் பதில் எழுதியதுதான்.

ஹமீது பாயை வைத்து ஒரு தகராறு வந்தது. கடையில் கூட்டம் குறையும் நேரத்தில் பாய் ஒரு வரி எழுதுவார். ஒரே வரி. எங்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. நாம் பத்தி பத்தியாக எழுதும்போது ஒரு வரி எழுதுகிறவர் எதற்கு என்று ஒருவர் கேட்டார். நானும் அதற்குத் தலையாட்டியவள்தான். லோகா எங்களை அழைத்துப் பேசினார். “பாய் நேத்து என்னா எழுதுனாரு? ‘மணி ஒரு முறை கூடுதலாக அடித்தது’ன்னு. உடனே ஊரே ஏன் ஏன்னு கேட்டுச்சு, ஏழு பேரு எழுதுனீங்க. நீ எழுதுன பெரிய பத்தியில அடுத்த ஆளுக்குச் செய்ய என்னா இருந்துச்சு, சொல்லு? எல்லாத்தையும் நீயே முடிச்சுட்டு, கதவையும் சாத்திட்டுப் போயிட்ட.” என்னிடம்தான் சொன்னார். இன்றும் ஒரு பத்தியை முடிக்கும்போது, அடுத்தவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

குணா என்ற லாரி ஓட்டுநர் ஒருவர் திருடன் சடையனை எழுதி வந்தார். ஒரு கட்டத்தில் வீரம்மா சடையனை ஊர் நடுவில் வைத்துக் கிழித்து எடுக்க வேண்டியிருந்தது. கதைக்கு அது தேவை. லோகா எழுதிய வசவுகளை நாங்கள் வாய்பிளந்து படித்தோம். எழுதி அனுப்பியதும் குணாவைக் கூப்பிட்டு, “குணா, திட்டுனது வீரம்மாலா. நான் இல்ல. சாப்டியா?” என்று கேட்டிருக்கிறார். குணா இதை எங்களிடம் பிறகுதான் சொன்னார். அந்த வாரம் அவருக்கு வேலை போயிருந்தது. ஒரு பயலும் மதிக்கவில்லை என்ற நினைப்பில் இருந்தவர், அந்த அழைப்பு வராவிட்டால் கதையில் வாங்கிய திட்டையும் தனக்கென்றே எடுத்துக்கொண்டிருப்பாராம். புதியவர்களிடம் லோகா இதை இரண்டே வரியில் சொல்வார்: “பாத்திரம் பேசறத பாத்திரத்தோட விட்டுடணும். ஆனா எழுதுற ஆள மறந்துடக் கூடாது.”

இன்னொரு விதியும் அவருடையதுதான். “போறதா இருந்தா சொல்லிட்டுப் போங்க. பரீட்சையா, கல்யாணமா, மனசு சரியில்லையா, எதுவா இருந்தாலும் பரவால்ல. சொல்லலன்னா உங்க ஆளு நடுத்தெருவுல நிக்கும்.”

போன வருடம் அவரே சொல்லாமல் போனார்.

அப்போது கதையில் வெள்ளம். வீரம்மாவின் தோணி நடு ஆற்றில் இருந்தது. அதில் மாறனும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். லோகா அடுத்ததை எழுத வேண்டும். எழுதவில்லை. ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம். ஊரே கரையில் நின்றது. அதற்கு முந்தைய வாரம் எங்களுக்குள் சின்ன மனத்தாங்கல் இருந்தது. மாறனை ஊர்த்தலைவனாக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இன்னும் நேரம் வரவில்லை என்று அவர் சொன்னார். தனியாக அவருக்கு மூன்று செய்தி அனுப்பினேன். மூன்றிலும், போய்ச் சேரவில்லை என்பதைக் காட்டும் ஒற்றைக் கோடு. கைப்பேசி அணைந்திருந்தால் ஒற்றைக் கோடுதான். நம்மை ஒருவர் தடுத்து வைத்துவிட்டாலும் ஒற்றைக் கோடுதான். நான் இரண்டாவதை நம்பினேன். வீட்டை விட்டுப் போன என் கணவரும் அப்படித்தான் செய்திருந்தார்.

லோகா எந்தத் தெருவில் இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. வீரம்மாவின் தோணியில் எத்தனை பலகை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

இருபத்து நான்காவது நாள் நான் எழுதினேன். தோணி கவிழ்ந்தது. மாறன் மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கரை சேர்த்தான். நான்காவது முறை நீந்திப் போனபோது வீரம்மாவின் கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. அடுத்தவர் பாத்திரத்தின் கையை நாம் தூக்கக் கூடாது என்று எனக்கு முதல் நாள் சொல்லித் தந்தவருடைய பாத்திரத்தை, அவரைக் கேட்காமல் நான் சாகடித்தேன். நன்றாக எழுதியிருந்தேன். அதுதான் இப்போது நினைத்தால் தாங்கவில்லை. என் வாழ்நாளில் அத்தனை பேர் என்னைப் பாராட்டியது அன்றுதான். ஒவ்வொருவராகத் தங்கள் பாத்திரம் கரையில் நின்று அழுவதை எழுதினார்கள். சடையன் தன் சட்டையைக் கழற்றி ஆற்றில் போட்டான். பாய், “இன்று மணி அடிக்கவில்லை” என்று எழுதினார்.

பதினோரு நாள் கழித்து லோகா வந்தார். “((எல்லாரும் மன்னிக்கணும். வேல செய்யிற எடத்துலயே மயக்கம் போட்டு விழுந்துட்டேன். போனு அங்கயே மேசைக்குள்ள கெடந்துச்சு. ஈப்போவுல பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன். வயித்துல கட்டி.))” சற்றுப் பொறுத்து இன்னொன்று. “((படிச்சேன். நல்லா எழுதியிருக்க சுமதி.))”

நான் உடனே அழைத்தேன். அழுதேன். எழுதியதை எல்லாம் அழித்துவிடலாம், தோணி கவிழவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “பதினாலு பேரு அழுது எழுதியிருக்காங்கம்மா. அத எங்க கொண்டு போய் வைக்கிறது? பாய் மணியே அடிக்காம இருக்காரு. வேணாம். செத்தது செத்ததுதான். நானும் சொல்லாம போயிட்டேன்.”

மயங்கி விழுகிறவர் எப்படிச் சொல்லிவிட்டுப் போவார்? அதை நான் கேட்கவில்லை. அவர் தன் மேலும் கொஞ்சம் பழியை எடுத்துக்கொண்டது எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

அதன் பிறகு பெயருள்ள பாத்திரம் எதையும் அவர் எழுதவில்லை. எத்தனையோ முறை கேட்டோம். ஆற்றை மட்டும் எழுதினார். ‘ஆறு இன்று கலங்கலாக ஓடுகிறது.’ ‘படித்துறையில் மூன்றாவது படி வரை தண்ணீர்.’ நாளுக்கு ஒரு வரி. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நான் எதை எழுதினாலும் அடுத்த வரியாக ஆறு வந்து நிற்கும்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவர் சிகிச்சைக்கு ஈப்போ வரத் தொடங்கினார். முரளி காலையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். நான் லீவு எடுத்துக்கொண்டு போய்க் கூட உட்காருவேன். முதல் முறை அவரை அடையாளம் தெரியவில்லை. வீரம்மாவை நான் பெரிய உடம்புக்காரியாக மனதில் வைத்திருந்தேன். என்னைவிட இரண்டே வயது மூத்தவர், என் தோளுக்குத்தான் வந்தார். நர்ஸ் வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டு இவரை உள்ளே தள்ளப் பார்த்தபோதும், அது தான் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான்தான் எழுந்து சொன்னேன்.

அன்று கேண்டீனில் அவருக்கு ஒரு மைலோ வாங்கி வைத்துவிட்டுக் கேட்டேன். “வீரம்மா யாருக்கா? தெரிஞ்சவங்க யாரையாவது பாத்து எழுதுனீங்களா?”

“யாரும் இல்ல. நான் அந்த மாதிரி ஒரு நாளும் பேசுனது இல்ல சுமதி. லாரிக்காரன் சத்தம் போடுவான், பேசாம இருப்பேன். மேனேஜர் ஏசுவாரு, பேசாம இருப்பேன். வீட்டுல தம்பி பொண்டாட்டி நல்லவதான், இருந்தாலும் அவ வீடு, பேசாம இருப்பேன். பேச வேண்டியத எல்லாம் சாப்பாட்டு நேரத்துல வீரம்மா பேசிடுவா.” மைலோவை ஆற்றிக்கொண்டே இருந்தார். “ஆஸ்பத்திரியில படுத்துருந்தப்ப, வீட்டுக்குப் போயி வீரம்மாவ வச்சு இந்த டாக்டர ரெண்டு கேக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன். வந்து பாத்தா அவ இல்ல.”

எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. “என் மேல கோபமாக்கா?” என்று கேட்டேன்.

அவர் சிறிது யோசித்தார். இல்லை என்று உடனே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

“கோபம் இல்லம்மா. வருத்தம் இருக்கு.”

“அது போறதுக்கு நான் என்னா செய்யிறது?”

“ஒண்ணும் செய்ய வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்லா. வருத்தம் இருக்குன்னா பேச மாட்டேன்னு அர்த்தமா? பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

அதற்குள் அவருடைய எண்ணை அழைத்தார்கள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான்கு முறை அப்படிப் போய் உட்கார்ந்தேன். ஐந்தாவது முறை அவர் வரவில்லை. இனி வந்து பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாக, அவர் போன பிறகுதான் முரளியின் மனைவி மூலம் அறிந்தேன். வீட்டிலிருந்தபடியே நித்யா வரை புதியவர்களுக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் மிகவும் மெலிந்து போயிருந்தது. வீட்டுக்கு வரட்டுமா என்று இரண்டு முறை கேட்டேன். வேண்டாம் என்றார். தம்பி மனைவிக்குச் சிரமம் என்றார். மூன்றாவது முறை கேட்காமலே போயிருக்க வேண்டும். போகவில்லை.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று குழுவில் சிலர் ஆறுதலுக்குச் சொல்கிறார்கள். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததை அவர் வாயில் வைத்து நான் எழுதப் போவதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பவை இருபது முப்பது குரல் செய்திகளும், ஆற்றைப் பற்றிய வரிகளும், ஒரு வருத்தமும். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து மைலோ குடிக்க அவரால் முடிந்தது. அவர் போன பிறகு அதை வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நான் வைத்திருக்கிறேன்.